மஞ்சள் வட்டம்

ஒரகடம், பெண்கள் ஹாஸ்டல்
10 ஜூன் 2025

சுபா,

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். நான் பாக்ஸிங் பயிற்சி ஷெட்டுக்கு வரும் நாளில் நீ வருவதில்லை. அதனால் இதை எழுதி எங்கள் கம்பெனி கேண்டீனில் வேலை செய்யும் உன் அம்மா கையில் கொடுக்கப்போகிறேன். கொண்டுபோய்க் கொடுப்பீர்களா என்று நேற்றே கேட்டேன். "இன்னாடி இது, ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துப் பேசமாட்டீங்களா? என்னைத் தபால்காரி ஆக்கிட்டீங்க" என்று அம்சவல்லி அம்மா திட்டினார்கள். திட்டிக்கொண்டே, சோற்றுப் பைக்குள் வைத்து எடுத்துப் போகிறேன் என்றார்கள்.

மே பதினெட்டாம் தேதி காஞ்சிபுரத்தில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாவட்ட செமி ஃபைனல், நீயும் நானும். மணி அடித்ததும் நான் கையை இறக்கிவிட்டு ரிங்கை விட்டு வெளியே வந்துவிட்டேன். நடுவர் உன் கையைத் தூக்கினார். "பேசி வெச்சிகினு ஆடுறாளுங்க" என்று எவனோ கத்தினான், எல்லாரும் சிரித்தார்கள். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். காரணத்தை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று வருஷமாகப் படப்பை ஷெட்டில் ஒன்றாகப் பழகுகிறோம். குத்து வரும்போது எல்லாருக்கும் கண் தானாக மூடும், எனக்கு மூடவில்லை என்று முதலில் கண்டுபிடித்தவள் நீ. பாம்புக் கண் என்று பெயர் வைத்தாய். மூடாத கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அடி விழப்போகும் இடம் எனக்கு முன்பே தெரியும், சுபா. கன்னத்திலோ மூக்கோரத்திலோ ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருக்கும். நான் அந்த இடத்தில் அடிப்பேன். அடித்ததும் போய்விடும். என் திறமை என்று எல்லாரும் சொல்வது அவ்வளவுதான்.

அன்றைக்கு உன் இடது நெற்றிப்பொட்டில், ஹெட்கார்டின் ஓரத்தில், ஒன்று இருந்தது. அது சிவப்பில்லை, கறுப்பு. என் கைதான் அதை அடிக்கப்போகிறதோ என்று பயந்துதான் இறங்கிப் போனேன். போன வாரம் கூட்ரோட்டில் நீ பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். இன்னும் அங்கேயே இருக்கிறது. அப்படியென்றால் அது என் அடி இல்லை, வேறு யாருடைய கையோ அடிக்கப்போவது. ஜூலை 27 மாநில டிரையலுக்குப் போகாதே. தயவுசெய்து.

இசக்கி


சேரப்பணஞ்சேரி
14 ஜூன் 2025

உயர்திரு பாம்புக் கண் இசக்கிசெல்வி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தரம் படித்தேன். மூன்றாம் தரம் சிரிப்பு வந்தது.

உன்னை ரிங்கில் அடித்து ஜெயிக்க வேண்டும் என்று ஆறு மாதம் வெறும் வயிற்றில் ஓடியவள் நான். எனக்கு நீ பிச்சை போட்டாய். இப்போது ஊரில் எவனைப் பார்த்தாலும், "இன்னா சுபா, கை தூக்குனதுல வலி எடுத்துச்சா?" என்று கேட்கிறான். அதற்கு நீ கண்டுபிடித்த காரணம் இதுவா? உங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடுவார்கள் என்று சொல்லியிருக்கிறாய். அதை ஊரோடு வைத்துக்கொள்.

என்னுடைய பி.பி.எட். உடற்கல்விப் படிப்பில் பிராஜெக்ட் என்ன தெரியுமா? குத்துச்சண்டைக்காரர்களுக்குப் பிறவியிலேயே வாய்த்த உடம்பு. நூறு வருஷத்துப் பழைய போட்டோக்களையும் அளவுகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தருக்கு நாடி நிமிஷத்துக்கு முப்பத்தைந்துதான். ஒருத்தருக்குக் கழுத்து தொடை கனம், எவ்வளவு அடித்தாலும் தலை ஆடாது. ஒருத்தருக்கு மணிக்கட்டு எலும்பே மற்றவர்களைப் போல ஒன்றரைப் பங்கு. எனக்கு இரண்டு கையையும் விரித்தால் உயரத்தைவிடப் பதினொரு சென்டிமீட்டர் நீளம். உனக்குக் கண். எதிராளியின் தோள் அசைவதற்குள் உன் மூளை கணக்குப் போட்டுவிடுகிறது, அதை நீ சிவப்பு கறுப்பு என்று நினைத்துக்கொள்கிறாய். இதில் பேய்க்கு வேலையே இல்லை.

டிரையலில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும். அம்மாவுக்குத் தட்டு கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் புண். நான் போகாமல் இருப்பேன் என்று நினைத்தாயா?

சுபஸ்ரீ


ஒரகடம்
18 ஜூன் 2025

சுபா,

ஆளைப் பார்த்து மூளை கணக்குப் போடலாம். கதவைப் பார்த்துமா போடும்?

என் வேலை உனக்குத் தெரியும். கார்க் கதவு பெயிண்ட் ஆகி வரும். இரண்டு பக்கமும் டியூப் லைட். கீறல், தூசி, குழி தெரிந்த இடத்தில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட கதவு மறுபடி தேய்த்துச் சரிசெய்ய ரீவொர்க்குக்குப் போகும். நாலு வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

மார்ச்சில் ஒரு வெள்ளைக் கதவில் கைப்பிடிக்குக் கீழே குழி என்று வட்டம் போட்டேன். சூப்பர்வைசர் எழிலரசன் சார் விரலால் தடவிப் பார்த்தார். "வழவழன்னு கீதேம்மா, தூங்கிட்டியா?" என்று சொல்லி வட்டத்தைத் துடைத்து அனுப்பினார். மூன்று மணி நேரத்தில் கதவு திரும்பி வந்தது. லோடிங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் முனை இடித்திருந்தது. அவர் சரியாகத் துடைக்கவில்லை, மெழுகு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. குழி அந்த வட்டத்துக்கு நடுவில் விழுந்திருந்தது.

அதன் பிறகு ஏழு கதவு அதே மாதிரி. எழிலரசன் சார் இப்போது என்னைக் கேள்வி கேட்பதில்லை. வட்டத்தைப் பார்த்தால் அவரே கதவைத் தள்ளி வைக்கிறார், என் பக்கம் பார்க்காமல்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய வேல்ராஜ் அண்ணனை உனக்குத் தெரியும், கோவில்பட்டிக்காரர், ஷெட்டுக்கு வந்து நமக்கு விசில் அடிப்பார். ஏப்ரலில் ஒரு நாள் அவர் பின்மண்டை கறுப்பாக இருந்தது. கறுப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "அண்ணே, தலைக்குப் பொறத்தால கிரீஸ் ஒட்டிருக்கு" என்றேன். துடைத்துக் கையைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே தாயி." மறுபடி துடைத்தார். "இப்பம் போயிட்டா?" போகவில்லை. எனக்கு ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "போயிட்டுண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடினேன். மறுநாள் காலை வண்டலூர் ரோட்டில் டிரெய்லர் லாரி மோதி அங்கேயே போய்விட்டார். ஹெல்மெட் போட்டிருந்தாராம்.

கறுப்பை இரண்டே பேரிடம்தான் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் அவர்.

இசக்கி


சேரப்பணஞ்சேரி
29 ஜூன் 2025

இசக்கி,

வேல்ராஜ் அண்ணன் விஷயத்தைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அது உன் தப்பில்லை. இதை மட்டும் சண்டையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்கிறேன்.

பிராஜெக்டுக்காக நேற்று ராயபுரம் போனேன். லீலா என்று ஒரு அக்கா. அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பழைய குத்துச்சண்டைக்காரர். இமைக்கவே மாட்டார் என்று அந்தப் பக்கம் பேர் போனவர். உன்னை மாதிரி ஒருத்தர் கிடைத்தால் உன் கதையை உடைக்கலாம் என்றுதான் போனேன்.

அவர் சண்டைக்கு முன்னால் எதிராளியின் பக்கத்தில் போய், தாடையிலோ நெற்றியிலோ மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவாராம். ஸ்டைல் என்று எல்லாரும் கை தட்டுவார்களாம். அவரோடு மோதியவர்களில் ஒருத்தர்கூட மோசமாக அடிபட்டதில்லையாம். அவர் வீட்டில் கண்ணாடியே கிடையாது. லீலா அக்கா பள்ளிக்கூடம் போகும்போது பக்கத்து வீட்டில் போய்ப் பொட்டு வைத்துக்கொள்வாராம். எவர்சில்வர் குடத்தைப் பளபளவென்று துலக்கிவிட்டால் அப்பா துண்டைப் போட்டு மூடிவிடுவாராம். ஏன் என்று கேட்டேன். லீலா அக்கா ஏதோ சொன்னார், வயசான மனுஷனின் பயம். அது உனக்குத் தேவையில்லை.

நான் டிரையலுக்குப் போகத்தான் போகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூப்பிடக் கம்பெனி கேட்டுக்கு வந்தபோது நீ உள்ளே இருந்து என்னைப் பார்த்தாய் என்று அம்மா சொன்னாள். இன்னும் இருக்கிறதா?

சுபா


ஒரகடம்
5 ஜூலை 2025

ஏட்டி சுபா,

இருக்கிறது. முன்னைவிட ஓரம் கூர்மையாகத் தெரிகிறது.

ராயபுரத்துக்காரர் தட்டினார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஒரு நீலக் கதவில் சிவப்பைப் பார்த்தேன். எழிலரசன் சார் டீ குடிக்கப் போயிருந்தார். ரீவொர்க் மேசையில் இருந்த ரப்பர் சுத்தியை எடுத்து அந்த இடத்தில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். நகம் பட்ட அளவுக்குத்தான் தடம். சிவப்பு போய்விட்டது. கதவு கடைசி வரைக்கும் குழி இல்லாமல் போனது. நம்பரை எழுதி வைத்து விசாரித்தேன். இதுவரை ஐந்து கதவு, ஐந்தும் தப்பித்துவிட்டன. சுத்தியின் ரப்பர்தான் நேற்று நடுவில் பிளந்துபோனது. பழசு.

அடி விழுந்தே தீரும். ஆனால் அது யார் கையால் விழ வேண்டும், எவ்வளவு பலமாக விழ வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது. நீ டிரையலுக்குப் போவதற்கு முன்னால் அதை நானே அடித்துவிடுகிறேன். பதினாறு அவுன்ஸ் கிளவுஸ் போட்டுக்கொள்கிறேன், பஞ்சு மூட்டை மாதிரி இருக்கும். உனக்கு என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். அரை நிமிஷம் எதிரில் நில், போதும்.

இசக்கி


சேரப்பணஞ்சேரி
9 ஜூலை 2025

இசக்கி,

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வா. எங்கள் மொட்டை மாடி. அம்மா மார்க்கெட் போயிருப்பாள்.

நிஜமாகவே யோசித்துத்தான் சொல்கிறாயா? ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேட்கிறேன். பிற்பாடு நான் கேட்கவில்லை என்று ஆகிவிடக் கூடாது.

சுபா


ஒரகடம்
14 ஜூலை 2025

சுபா,

வலித்ததா? நான் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாய், அப்புறம் உள்ளே போய்விட்டாய். நான் கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டுப் படியிறங்கி வந்தேன்.

அது போய்விட்டது. உன் நெற்றி சுத்தமாக இருக்கிறது. தெருமுனையில் திரும்பி நின்று இன்னொரு தரம் பார்த்தேன், ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாய். ஒன்றும் இல்லை. பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது, பக்கத்தில் இருந்த அம்மா தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.

போய் ஜெயித்துவிட்டு வா.

இசக்கி


சேரப்பணஞ்சேரி
28 ஜூலை 2025

இசக்கி,

ஜெயித்துவிட்டேன்!

கடைசி ரவுண்டில் தூத்துக்குடிப் பெண்ணின் வலது கை சரியாக இடது நெற்றிப்பொட்டில் விழுந்தது. அந்த அடியைப் பார்த்து நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். டாக்டர் கயிற்றுக்குப் பக்கத்தில் ஓடி வந்தார். எனக்கு ஈ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது, பாவம். வீடியோவை இருபது தரம் போட்டுப் பார்த்தேன். அப்படி வாங்கியவள் எழுந்திருக்கவே கூடாது.

அம்மா தெருவெல்லாம் ஜாங்கிரி கொடுத்தாள். உனக்கும் ஒரு டப்பா அனுப்புகிறேன். உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்து ஆறு தரம் கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். ஷெட்டுக்கும் வருவதில்லையாம். கோபம் என்றால் நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பதில் எழுது. ஏன் அவசரப்படுகிறேன் என்று கேட்காதே, எழுது.

சுபா


ஒரகடம்
4 ஆகஸ்ட் 2025

சுபா,

ஜாங்கிரி சாப்பிட்டேன். ரொம்ப சந்தோஷம். இனி உன் அம்மா தட்டு கழுவ வேண்டாம்.

லைனில் நடந்ததைச் சொல்கிறேன், நீயே புரிந்துகொள்வாய். உன் வீட்டுக்கு வந்துபோன மறுநாள், திங்கள் முழுக்க வெள்ளைக் கதவு, பிரச்சினை இல்லை. செவ்வாய்க்கிழமை கறுப்புக் கதவு வர ஆரம்பித்தது. முதல் கதவில், கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே, கருஞ்சிவப்பாக ஒரு குறை. வட்டம் போட்டேன். அடுத்த கதவிலும் அதே இடம். வட்டம் போட்டேன். அடுத்ததிலும். பதினொரு கதவுக்கு வட்டம் போட்டு முடித்த பிறகு எழிலரசன் சார் லைனை நிறுத்தினார். "பெயிண்ட் ஷாப்பையே மூடச் சொல்றியா? எங்கேம்மா கீது குறை?" என்று கத்தினார். காட்டலாம் என்று குனிந்தேன். அது கூடவே குனிந்தது. நிமிர்ந்தேன். அதுவும் நிமிர்ந்தது.

பளபளவென்ற கறுப்புக் கதவு, சுபா. அதில் என் முகம் தெரிந்துகொண்டிருந்தது. இடது நெற்றிப்பொட்டு.

ஹாஸ்டல் குளியலறைக் கண்ணாடியில் துண்டு போட்டிருக்கிறேன். போனை அணைத்து வைத்திருக்கிறேன், அணைத்தால் அந்தக் கறுப்பிலும் முகம் தெரிகிறது என்று தலையணைக்குக் கீழே கவிழ்த்து வைத்திருக்கிறேன். ராயபுரத்துக்காரர் ஏன் குடத்தை மூடினார் என்று எனக்கு இப்போது புரிகிறது.

எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. பயமாக இருக்கிறது. ரோட்டைக் கடக்கும்போது இடது கையால் தலையைப் பிடித்துக்கொள்கிறேன், எல்லாரும் தலைவலியா என்று கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை கணக்கு முடித்துவிட்டு வள்ளியூர் பஸ் ஏறுகிறேன். அங்கே எதுவாவது நடந்தால் நீ பார்க்க வேண்டியிருக்காது. ஒன்றுதான் ஆறுதல், உன்னிடம் இருந்தபோது நல்ல கறுப்பு. இப்போது கருஞ்சிவப்பு.

நீ வராதே.

இசக்கி


சேரப்பணஞ்சேரி
5 ஆகஸ்ட் 2025

இசக்கி,

லீலா அக்கா சொன்னதை உனக்குத் தேவையில்லை என்று எழுதினேன் அல்லவா, அது இதுதான். அவருடைய அப்பா, தான் அடிக்க வேண்டிய அடியைத் தானே அடித்தால் அது அதோடு போய்விடுமாம். வேறு யாரோ அடிக்க வேண்டியதை இவர் தட்டி எடுத்தால், அது இவரோடு வந்துவிடுமாம். கண்ணாடியில் பார்க்கப் பயந்து வாழ்ந்தார். ஒரு நாள் கிணற்றடியில் கால் வழுக்கி விழுந்தார், ஒரே ஒரு தரம்தான் விழுந்தார். உடம்பைக் குளிப்பாட்டியவர்கள், முகத்தில் முப்பது பேர் அடித்த மாதிரி இருந்தது என்றார்களாம்.

இது எனக்கு ஜூன் மாதமே தெரியும். தெரிந்துதான் உன்னை மொட்டை மாடிக்கு வரச் சொன்னேன். நம்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பாதவள் எதற்காக உன் கைக்குக் கீழே போய் நின்றேன்? எனக்கு வேலை வேண்டும், உயிரும் வேண்டும், அதனால் வாயை மூடிக்கொண்டேன். நீ தொட்டபோது கண்ணை மூடியது வலியால் இல்லை. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ என்னைக் காறித் துப்பினாலும் சரிதான். ஆனால் அதை இரண்டாவதாகச் செய். முதலில் நான் சொல்வதைக் கேள்.

கறுப்பு கருஞ்சிவப்பு ஆகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஆறுதலுக்கு எழுதினாய், எனக்கு அதில்தான் கண் போனது. ஒரே தேய்ப்பில் போகாத கீறலை நாலு தரம் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும் என்று உன் ரீவொர்க்கைப் பற்றி எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய்? ஒரு கை மாறியதில் ஒரு பூச்சு குறைந்திருக்கிறது. லீலா அக்காவின் அப்பாவுக்குத் திருப்பி அடித்துப் பங்கு வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, இசக்கி. முப்பது அடியையும் அவர் ஒருத்தரே வைத்துக்கொண்டார்.

இந்தக் கடிதத்தை அம்மா உன்னிடம் கொடுக்கும்போது நான் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பேன். பதினாறு அவுன்ஸ் கிளவுஸ் பையில் இருக்கிறது. ரோட்டைக் கடக்காதே, நானே அந்தப் பக்கம் வருகிறேன்.

என் கை நீளம்தான், ஆனால் எனக்கு உன் கண் கிடையாது. இடம் தெரியாது. அதனால் வரும்போது லைனில் இருந்து அந்த மஞ்சள் பென்சிலை எடுத்துக்கொண்டு வா. கறுப்புக் கதவுக்கு முன்னால் நின்று, பயப்படாமல் பார்த்து, உன் நெற்றிப்பொட்டில் நீயே ஒரு வட்டம் போட்டுக்கொள். அதற்கு நடுவில் அடிக்கிறேன். மெதுவாகத்தான் அடிப்பேன். அடித்ததும் என் முகத்தைப் பார்த்துச் சொல், அது என்மேல் வந்துவிட்டதா, இப்போது என்ன நிறம் என்று. வந்திருந்தால் பென்சிலை என் பக்கம் திருப்பு, அடுத்த ஞாயிறு உன் முறை.

சுபா